காசியும் வீசமும்: விருத்தாசல வழக்கொன்றில் முடிவிலிக் கருத்து

முன்னுரை

'எண்ணிறந்த', 'அளவிலா', 'வரம்பிலா' முதலிய சொற்கள் இலக்கியத்தில் வருமிடமெல்லாம் கணிதத்தின் முடிவிலியைக் காணும் போக்கு தமிழாய்வில் உண்டு. பண்டைத் தமிழர் முடிவிலியை அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொற்களே சான்றாகவும் காட்டப்பெறுகின்றன. அச்சான்று போதாது என்பதை விருத்தாசலத்தைப் பற்றி வழங்கும் ஒரு நம்பிக்கையின்வழி இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

எண்ணாமையும் முடிவின்மையும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலால் அறியப்படும் ஊர். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சியபின் பொம்மையை எடுப்பது பீங்கான் வார்ப்பு முறைகளுள் ஒன்று. ஓர் அச்சிலிருந்து 'எண்ணற்ற' பொம்மைகள் பிறப்பதாக எளிதில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வார்க்க வார்க்க அச்சு தேய்கிறது, ஒருநாள் கழிக்கப்படுகிறது. இங்கு 'எண்ணற்ற' என்பது நாம் எண்ணாமல் விட்டதையே குறிக்கிறது. எண்ணப் புகுந்தால் எண்ணி முடிக்கலாம்.

பேரெண்களின் நிலையும் இதுவே. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் சுட்டுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இவை மிகப் பெரியவை. எனினும் ஒவ்வொன்றுக்கும் அடுத்த எண் உண்டு. ஆகவே பெருமை வேறு, முடிவின்மை வேறு.

வீசத்தின் இடம்

திருமுதுகுன்றம் எனும் பழம்பெயருடைய இவ்வூருக்கு விருத்தகாசி என்றும் பெயருண்டு. காசியைவிட இங்குப் புண்ணியம் 'வீசம்' அதிகம் என்பது மக்கள் நம்பிக்கை. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. காசி தருவதாகக் கருதப்படும் வீடுபேறோ அளவிறந்தது. அளவிறந்ததோடு வீசத்தைக் கூட்டினால் மிகுதி தோன்றுமா?

கேன்டர் வகுத்த கணக் கோட்பாடு இவ்வினாவுக்கு இருவகை விடை தரும். அளவு நோக்கில் மிகுதி இல்லை: 1, 2, 3 எனத் தொடரும் எண்களோடு 0 சேர்ந்தாலும் இரு கணங்களையும் ஒன்றுக்கொன்றாக இணைத்துவிடலாம். அவர் 1883இல் விளக்கிய வரிசை நோக்கில் விடை மாறும்: புதிய உறுப்பை எல்லா எண்களுக்கும் முன்னர் வைத்தால் வரிசையின் அமைப்பு மாறாது, எல்லாவற்றுக்கும் பின்னர் வைத்தால் வேறொரு வரிசை பிறக்கும்.

இந்த இரண்டாம் விடையை மக்கள் முன்னரே கண்டனர் என எழுதுவது எளிது. ஆயின் அது பிழை. வீசம் என்பது பங்கு. பங்கிற்கு முழுமை ஒன்று வேண்டும். எனவே இவ்வழக்கில் காசி முடிவிலி அன்று, அது 'ஒன்று'. விருத்தாசலம் ஒன்றே வீசம். அளக்கவியலாததை அலகாக்கி, அதன் பெருமை குன்றாமல் தம் ஊரைச் சற்றே உயர்த்துகிறது மக்கள் மனம். இங்கு நிகழ்வது ஒப்பீடு. முடிவிலிக் கணிதம் அன்று.

முடிவுரை

ஒரு சொல் எண்ணாததைக் குறிக்கிறதா, பேரளவைக் குறிக்கிறதா, முடிவே இல்லாததைக் குறிக்கிறதா என இடந்தோறும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவாது எல்லாவற்றையும் முடிவிலி என்போமாயின், முந்திரி (1/320), கீழ்முந்திரி (1/102400) வரை பின்னங்களுக்குப் பெயரிட்டு வழங்கிய தமிழ்க் கணக்கு மரபின் மெய்யான நுட்பம் நம் பார்வையிலிருந்து மறைந்துபோகும்.