சகோதரரும் சண்டைக்களமும்: 'வொறியர்' திரைப்படம் குறித்து ஒரு நோக்கு

பிரிந்த சகோதரர் போட்டிக்களத்தில் எதிரெதிரே நின்று, அங்கேயே மீண்டும் உறவாவதைக் கூறும் கதைகள் அமெரிக்கத் திரையுலகுக்குப் புதியனவல்ல. அவற்றைக் கண்ணீர்க் கதைகள் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் கவின் ஓ'கொனரின் நெறியாள்கையில் 2011 இல் வெளிவந்த 'வொறியர்' அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. வசூலில் அது பெருவெற்றி பெறவில்லை. எனினும் ஒரு சமூகம் தன்னால் தீர்க்க முடியாத முரண்பாடுகளைக் குடும்பத்தின் மீது சுமத்தும் முறையை அது துலக்கமாகக் காட்டுகின்றது.

பிறெண்டன் கொன்லன் பிலடெல்பியாவில் பௌதிகவியல் கற்பிக்கும் பாடசாலை ஆசிரியன். மகளின் இருதய நோய்ச் சிகிச்சை அவனைக் கடனாளியாக்கியுள்ளது. ஈட்டிலுள்ள வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும் நிலை. இரவில் பணத்துக்காகச் சண்டையிட்டது வெளிப்பட, பாடசாலை அவனைச் சம்பளமின்றி இடைநிறுத்துகின்றது. இளையவன் ரொமி, ஈராக் போரில் தன் படையணியினர் தம் தரப்புக் குண்டுவீச்சிலேயே மடிந்தபின் படையைவிட்டு ஓடிவந்தவன். தாயின் குடும்பப் பெயருக்குள் மறைந்து வாழ்கிறான். உருக்காலைகளால் வளர்ந்து, 1980களில் அவை மூடப்பட்டதால் சரிந்த பிற்ஸ்பேர்க் நகரில் முதிய தந்தை பாடி, ஆயிரம் நாள்களை நெருங்கும் மதுவிலக்கோடு தனித்திருக்கிறார். 2008 இன் வீட்டுக்கடன் நெருக்கடி, மருத்துவத்தைச் சந்தைக்கு விட்ட அரசு, ஈராக் போர், தொழில் இழந்த நகரம் ஆகிய நான்கும் படத்தின் முற்பகுதியிலேயே நம் முன் வைக்கப்படுகின்றன. இவ்வளவு நேர்மையான தொடக்கம் அமெரிக்க வெகுசனப் படங்களில் அரிது.

இவ்விடத்திலேயே எமது வினாவும் எழுகின்றது. இந்நான்குக்கும் படம் காணும் தீர்வு யாது? அத்லாந்திக் சிற்றியில் பதினாறு வீரர் மோதும் 'ஸ்பாட்டா' என்னும் போட்டியும் அதன் ஐம்பது இலட்சம் டொலர் பரிசுமே. வங்கிக்கு எதிராகவோ போருக்கு எதிராகவோ எழவேண்டிய சினம் அண்ணன்மீதும் தம்பிமீதும் திரும்புகின்றது. இருவரும் வறுமையால் தள்ளப்பட்டே களத்துக்கு வருகின்றனர். பார்வையாளராகிய நாமோ பழைய குடும்பக் கணக்கொன்றைத் தீர்க்க வந்ததாகவே அவர்களைக் காணும்படி செய்யப்படுகிறோம்.

லுக்கினோ விஸ்கொந்தியின் 'றொக்கோவும் அவன் சகோதரரும்' (1960) இதே பொருளை வேறு முடிவுக்குக் கொண்டு சென்றது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. இத்தாலியின் வறிய தெற்கிலிருந்து மிலான் நகருக்குப் பெயரும் விதவைத் தாயும் ஐந்து மைந்தரும் அதன் பாத்திரங்கள். சிமோனே குத்துச்சண்டையில் ஏறி வீழ்கிறான். அவனது கடனைத் தீர்ப்பதற்காகவே றொக்கோ தான் வெறுக்கும் குத்துச்சண்டைக்கு ஒப்பந்தமாகிறான். றொக்கோ வெற்றிபெறும் அதே வேளையில் சிமோனே நாடியாவைக் கொலை செய்கிறான். இரு காட்சிகளையும் விஸ்கொந்தி மாறிமாறிக் காட்டுகிறார். குடும்பத்துக்காகச் செய்யும் தியாகம் குடும்பத்தைக் காப்பாற்றாது என்பதே அதன் கசப்பான தெளிவு. அல்ஃபா றோமியோ தொழிற்சாலையில் வேலைபார்க்கும் சீரோவே சகோதரனைப் பொலிசாரிடம் காட்டிக்கொடுக்கத் துணிகிறான். இரத்த உறவுக்கு மேலான ஒரு கடப்பாட்டை விஸ்கொந்தி தொழிலாளி ஒருவனிடத்திற் காண்கிறார். 'வொறியர்' அத்தகைய எவரையும் அறியாது.

ஆனால், விஸ்கொந்தியிடம் இல்லாத ஒன்று ஓ'கொனரிடம் உண்டு. குத்துச்சண்டையில் தோற்பவன் பெரும்பாலும் வீழ்த்தப்படுகிறான், அல்லது நடுவரின் கணக்கிலே தோற்கிறான். கலப்புமுறைச் சண்டையிலோ பிடியிற் சிக்கியவன் எதிரியின் உடலையோ தரையையோ கையால் தட்டித் தோல்வியைத் தானே அறிவிக்கலாம். தட்டுவது களத்தின் விதி. அதேவேளை அது ஒரு சம்மதமுமாகும். இறுதிப் போட்டியின் மூன்றாம் சுற்றில் ரொமியின் தோள் மூட்டு விலகுகின்றது. ஒற்றைக் கையோடு அவன் தொடர்கிறான். கழுத்தை நெரித்தபடியே அண்ணன் தன் அன்பைச் சொல்கிறான். அதன்பின்னரே தம்பியின் கை தட்டுகின்றது. மன்னிப்புக்குச் சொல்லில்லாத ஆண்களின் உலகில், விளையாட்டின் தொழில்நுட்பமொன்றையே மன்னிப்பின் மொழியாக்கியமை நெறியாளரின் உண்மையான கண்டுபிடிப்பு எனலாம். எனினும் எலும்பை மூட்டிலிருந்து பிரித்தே அன்பை உரைக்கவேண்டிய நிலை எத்தகையது என்ற வினாவை இசையும் ஆரவாரமும் மூடிவிடுகின்றன.

நிக் நொல்ரி ஏற்ற பாடி பாத்திரமே படத்தின் உயிர் என்பது எமது கருத்து. விடுதி அறையில் மீண்டும் மதுவில் வீழ்ந்து, மெல்வில்லின் 'மொபி டிக்' ஒலிப்பதிவைக் கேட்டுப் பிதற்றும் தந்தையை, அதுவரை அவரை அவமதித்துவந்த ரொமி மடியில் ஏந்துகிறான். இங்கே பரிசுமில்லை, பார்வையாளருமில்லை. களத்து இணக்கத்தைவிட இவ்வறையின் இணக்கமே நம்பத்தக்கது.

இவ்வாண்களின் இணக்கத்துக்கு விலையாக யார் விடப்பட்டனர்? தந்தையின் அடியிலிருந்து தப்பி இளைய மகனோடு ஓடி, நோயில் இறந்த தாயைப் படம் ஒருமுறையேனும் கண்முன் கொணரவில்லை. எல்லார் வாயிலும் அவளது பெயர் வருகின்றது. அவளிடம் மன்னிப்புக் கேட்பார் ஒருவருமில்லை. 2015 இல் ஹிந்தியில் வந்த 'பிறதர்ஸ்' என்னும் மீளாக்கம் தாயைக் காட்டுகின்றது உண்மைதான். ஆனால் தம்பியை வேறொரு பெண்ணின் மகனாக்கியதன் மூலம், முரண்பாட்டை வறுமையிலிருந்து பிறப்புக்கு நகர்த்திவிடுகின்றது. அதை முன்னேற்றமென்று கொள்வதற்கில்லை.

ரொமி சண்டையிட்டது தனக்காகவன்று. போரில் மடிந்த தோழனின் விதவை மனைவிக்குப் பரிசை அளிப்பதாக வாக்களித்திருந்தான். தொகையோ பிறெண்டனைச் சேர்கின்றது. ரொமிக்காக இராணுவப் பொலிசார் அரங்கில் காத்திருக்கின்றனர். சகோதரர் இருவரும் அணைத்தபடி வெளியேற, தந்தை புன்னகைக்க, திரை மூடுகின்றது. ஆசிரியனின் வீடு மீளும் என்பதை நாம் ஊகிக்கலாம். அந்த விதவையின் வீட்டைப் பற்றிப் படம் ஒரு சொல்லும் கூறவில்லை.