யோ-யோ: ஒரு சொல்லுக்குச் சொந்தக்காரர் யார்?

'கண்டுபிடிச்சது யாரு?' பொருள்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இது உடைமையாளர்களின் கேள்வி என்பது என் கட்சி. யோ-யோ என்கிற விளையாட்டுச் சாமானை முன்வைத்து இதைப் பேசலாம்.

இரண்டு வட்டு, நடுவில் ஓர் அச்சு, அதில் சுற்றிய கயிறு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்க ஓவியம் ஒன்றில் ஒரு சிறுவன் இப்படியொன்றை ஆட்டிக்கொண்டிருக்கிறான். 1866இல் அமெரிக்கர் இருவர் இதன் ஒரு வகைக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள். ஆனால் பைத்தியம் பிடித்தது 1928இல், கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் பெத்ரோ ஃப்ளோரெஸ் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான். பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியிலிருந்து வந்தவர். சட்டம் படித்து முடிக்காதவர். ஓட்டலில் பெட்டி தூக்கியவர். 1929 முடிவதற்குள் அவரிடம் 600 பேர் வேலை பார்த்தார்கள். நாளொன்றுக்கு 3 லட்சம் யோ-யோ தயாரானதாகக் கணக்கு.

அவருடைய சாமானில் கயிறு அச்சோடு சேர்த்து முடியப்படவில்லை. சும்மா வளையமாக மாட்டியிருந்தது. கீழே போன வட்டு உடனே திரும்பாமல் அங்கேயே சுழலும். 'தூங்குது' என்பார்கள். லேசாகச் சுண்டினால் எழுந்து கைக்கு வரும். வித்தை அத்தனையும் இந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது. இதைத் தான் கண்டுபிடித்ததாக ஃப்ளோரெஸ் உரிமை கொண்டாடவில்லை. அது அவர் ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டம்.

1930களின் தொடக்கத்தில் தொழில் டொனால்ட் டங்கன் கைக்குப் போனது. 1932இல் 'யோ-யோ' என்ற சொல்லே அவரது நிறுவனத்தின் வணிகமுத்திரை. ஒரு மக்கள்கூட்டத்தின் வாயில் புழங்கிய சொல்லை இன்னொருவர் காசு கொடுத்து வாங்க முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சாமானை விற்றது யார்? பிலிப்பினோ இளைஞர்கள். ஊர் ஊராகப் போய், கடைவாசலில் வித்தை காட்டி, குழந்தைகளின் பெயரை யோ-யோவில் செதுக்கிக் கொடுத்தார்கள். அதே காலத்தில், 1930 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் வெள்ளையர் கும்பல்கள் பிலிப்பினோத் தொழிலாளர்களை வேட்டையாடின. ஃபெர்மின் தோபெரா என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1934ஆம் ஆண்டுச் சட்டம், வருடத்துக்கு 50 பிலிப்பினோக்களுக்கு மேல் குடியேறக் கூடாது என்றது. கடைவாசலில் கைதட்டு வாங்கிய அதே உடல், வயற்காட்டில் வேண்டாத உடல். இரண்டையும் தனித்தனிச் செய்தியாக வாசிக்கப் பழகியிருக்கிறோம். சேர்த்து வாசிக்க வேண்டும்.

யோ-யோ ஆதியில் பிலிப்பைன்ஸ் வேடர்களின் ஆயுதம் என்றொரு கதை பரவியது. சான்று எதுவும் கிடையாது. ஆனால் கதை செய்யும் வேலையைப் பாருங்கள்: அங்கே இருந்தால் ஆயுதம், இங்கே வந்தால் பொம்மை. காலனியச் சொல்லாடலுக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது.

1965இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வணிகமுத்திரையைச் செல்லாததாக்கியது: யோ-யோ என்பது பொம்மையின் பொதுப்பெயர், யாருக்கும் தனிச்சொத்தல்ல. எதிர்த்தரப்பு ராயல் டாப்ஸ் நிறுவனம். அதைத் தொடங்கிய ஜோ ரடோவான், ஒரு காலத்தில் வித்தை காட்டி யோ-யோ விற்ற பிலிப்பினோ. வழக்குச் செலவும் விளம்பரச் செலவும் சேர்ந்து டங்கன் நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. 1968இல் வேறொரு நிறுவனம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. டங்கன் என்ற பெயர் இன்றும் விற்கிறது.

'அப்படின்னா ஃப்ளோரெஸ்தான் உண்மையான கண்டுபிடிப்பாளர்னு எழுதிடலாமே' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அக்கறை புரிகிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. டங்கனை இறக்கிவிட்டு அதே நாற்காலியில் ஃப்ளோரெஸை உட்காரவைத்தால் நாற்காலி அப்படியேதான் இருக்கும். ஃப்ளோரெஸும் முதலாளியாக இருந்தவர்தான், விற்றவரும் அவர்தான். அவருடைய 600 தொழிலாளர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? வளையமாகக் கயிறு மாட்டக் கற்றுத்தந்த தெருப்பிள்ளைகளின் பெயர்? மறைக்கப்பட்ட பெயர்களை மீட்கிறோம் என்று இறங்குகிற நாம், தனி ஒருவரின் பெயரோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. பலர் கைபட்டு உருவானதைப் பலருடையதாகவே எழுதுவதற்கான மொழி இன்னும் நம்மிடம் சரியாக உருவாகவில்லை. அந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.