ஆனந்தரங்கரின் ஏடுகளும் நாமும்

புதுவையைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் இடம்பெறாத கட்டுரை அரிது. சந்தா சாஹிபைக் குறித்தோ முஸஃப்பர் ஜங்கைக் குறித்தோ சான்று தேவைப்பட்டால் அன்னாரின் நாட்குறிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து வைத்துவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து நகருக்குள் செல்லும் நம் மாணவர்கள் ரங்கப் பிள்ளை வீதியில் நடக்கின்றனர். அவ்வீதியின் பெயருக்குரியவர் எழுதியதை ஒரு நூலாக எண்ணி வாசித்தோர் அவர்களுள் மிகச் சிலரே.

பிள்ளை பிறந்தது 1709இல். நாட்குறிப்பைத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6ஆம் நாள், ஹிஜ்ரி 1149. அப்போது அவருக்கு வயது 27. துய்ப்ளே ஆளுநராக வந்தது 1742இல். பிள்ளை தலைமைத் துபாஷ் பதவியை அடைந்தது அதற்கும் பின்னர். ஆகவே முதல் ஏடுகளை எழுதியவர் அதிகாரமுள்ள மனிதர் அல்லர். கப்பல்களின் வரவையும் போக்கையும், கண்டதையும் கேட்டதையும் குறித்து வைக்க விரும்பிய ஒரு வணிக இளைஞர். போட்டியாளர் மீதுள்ள புகைச்சல், சோதிட நம்பிக்கை, பின்னாளில் ஆளுநரின் மனைவி மீது ஏற்பட்ட கசப்பு யாவும் அவ்வேடுகளில் மறைவின்றிக் கிடக்கின்றன. பிறர் பார்வைக்கென எழுதுபவர் இத்துணை வெளிப்படையாக எழுதமாட்டார். 1761 ஜனவரி 12இல் அவர் காலமானார். நான்கே நாட்களில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அரபு பயின்றோர்க்கு இவ்விடத்தில் டமாஸ்கஸ் நகரத்து நாவிதர் அஹ்மத் அல்புதைரி நினைவுக்கு வருவார். ஏறக்குறைய அதே காலத்தில், ஹிஜ்ரி 1154 முதல் 1175 வரை (1741–1762), ரொட்டி விலையையும் பாஷாக்களின் கொடுமையையும் தம் நகரத்து மரணங்களையும் அவர் எழுதினார். அதனைப் பிற்காலத்தில் முஹம்மது ஸயீத் அல்காஸிமி என்னும் அறிஞர் செப்பனிட்டார். நாவிதரின் பேச்சுநடை பெரிதும் போயிற்று. மூலத்தை ஒட்டிய பிரதி டப்ளின் நகரத்து நூலகத்தில் எஞ்சியிருந்தமையால் அன்றோ இழந்தது இன்னதென்று இன்று அறிகிறோம்!

பிள்ளையின் ஏடுகளுக்கு நேர்ந்தது வேறு. 1846இல் அவை வெளிச்சத்துக்கு வந்தன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். இன்றும் நம்மவர் பலர் ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழாக்கியே மேற்கோள் காட்டுகின்றனர். நபாபு, வக்கீல், சாயபு என்று அவருடைய தமிழில் இயல்பாகப் புழங்கிய சொற்கள் இதனால் காணாமற் போகின்றன. அச்சொற்களை அறிந்த நாமே இதனைச் செய்வது வியப்பு.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பள்ளிவாசலையும் இடிக்க ஆணை பிறந்ததென்றும், சிப்பாய்களின் தலைவர் அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் சென்று எச்சரித்தமையால் அது நின்றதென்றும் நாட்குறிப்பு கூறுகிறது. நம் மேடைகளுக்கு இச்செய்தி மிக இனியது. ஆயினும் இதில் பிள்ளை கண்டது எவ்வளவு, கேட்டது எவ்வளவு, சொன்னவர் யார் என்று கேட்போர் இல்லை. ‘இவர் அவரிடம் நேரில் கேட்டாரா’ என்பதை ஒவ்வொரு ஹதீஸிலும் துருவிப் பார்க்கும் கல்வி மரபு நம்முடையது. கண்டதையும் கேட்டதையும் வெவ்வேறாகச் சொல்லத் தெரிந்த எழுத்தாளரிடம் அக்கேள்வியைக் கேட்பது எளிதும்கூட. அவ்வாறு கேட்டால் செய்தி பொய்யாகிவிடும் என்று நாம் கூறவில்லை. கோயிலை இழந்த துயரத்தோடு எழுதிய ஒருவர் பள்ளிவாசல் தப்பியதை எந்த மனநிலையில் எழுதினார் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அப்பகுதியை முன்பின் தொடர்ச்சியோடு, மூலத் தமிழில் நம் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம். நான்கைந்து பக்கங்களுக்கு மேல் வராது.