தோற்றது எது?

நூலின் பெயரே சில வேளை தீர்ப்பாகிவிடுகின்றது. அலெக்ஸ் ஜோசி 1980ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில நூலின் பெயர் 'புலாவ் செனாங்: தோல்வியுற்ற சோதனை' எனப் பொருள்படும். சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள அத்தீவின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு அது பயன்படும் நூலே. ஆயின், தோற்றது எது என்னும் வினாவுக்கு அப்பெயர் விடை தருகின்றதா?

1955இல் இயற்றப்பட்ட குற்றவியல் தற்காலிக விதிகள் சட்டத்தின்கீழ், 1958 முதல், இரகசியச் சங்கத்தினர் பலர் நீதிமன்ற விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். சிறைகளை மேன்மேலும் நிரப்புவதினும் உழைப்பால் மனிதரைத் திருத்துதல் நன்று எனக் கருதிய அரசு, தேவன் நாயர் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1960இல் இத்தீவைத் திறந்தவெளிக் குடியேற்றமாக்கியது. மதிலில்லை, காவலர் கையில் துப்பாக்கியுமில்லை. காடு திருத்திச் சாலையும் விடுதியும் அமைத்தோர் அக்கைதிகளே.

1963 ஜூலை 12ஆம் நாள் அவர்களுள் ஒரு சாரார் தாம் கட்டியவற்றைத் தாமே எரித்தனர். கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அதிகாரிகள் மூவரும் கொலையுண்டனர். 1965இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

கொலைக்கு நியாயம் கற்பித்தல் ஆகாது. எனினும் காரணம் நாடுதல் கடமையாகும். கலகத்துக்குச் சில நாள் முன்னர், வேலை நேரங் கடந்து படகுத்துறையில் உழைக்க மறுத்த தச்சர் 13 பேர் சாங்கிச் சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தண்டனைக்காலம் வரையறுக்கப்பட்டவனுக்கு எண்ணிக் கழிக்க நாள்கள் உண்டு. இவர்கள் விடுதலையோ அதிகாரிகளின் மதிப்பீட்டைப் பொறுத்திருந்தது. சாங்கிக்குத் திரும்புதல், அதுவரை உழைத்ததெல்லாம் வீணாதலே.

'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தின் முதற்குறள் வேந்தனுக்கு மூன்று கடமைகளை வகுக்கின்றது: தக்கவாறு ஆராய்தல், குற்றம் மீண்டும் நிகழாமற் காத்தல், குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுத்தல். புலாவ் செனாங்கில் நடுவில் நின்ற நோக்கம் இருந்தது. முதலும் முடிவும் இல்லை. விசாரணையுமின்றி, கால அளவுமின்றித் திருந்து என்றால், அச்சொல் எவன் நெஞ்சில் ஏறும்?

ஆகவே, தோற்றது உழைப்பன்று. மனிதன் திருந்துவான் என்னும் நம்பிக்கையுமன்று. சிங்கப்பூரிலேயே 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடாத் திட்டம், சிறை மீண்டோர்க்கு வேலையும் சமூகத்தில் இடமும் தேடித் தருகின்றது. அந்நம்பிக்கை தீவோடு எரிந்துபோகவில்லை என்பதற்கு அதுவே சான்று. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டமும் 'தற்காலிகம்' என்னும் பெயரோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. மதிலை உயர்த்துவதே வழி என்பதற்குப் புலாவ் செனாங்கைச் சான்று காட்டுவோர், இதனையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.