கூரைப் பனிவாரியும் உறைந்துபோகும் பொத்தானும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹியூரான் ஏரியையும் ஜார்ஜியன் விரிகுடாவையும் கடந்து வரும் குளிர்காற்று, இன்னும் உறையாத நீர்ப்பரப்பிலிருந்து ஈரத்தை அள்ளிவந்து கரையேறியதும் பனியாகக் கொட்டுகின்ற நிலப்பகுதிக்குப் பனிப்பட்டை என்று பெயர். அங்கே வீடு வைத்திருப்போர், கூரையில் குவியும் பனியை ஏணியில் ஏறாமல் தரையில் நின்றபடியே இழுத்துத் தள்ளுவதற்கு வாங்கும் கருவியே கூரைப் பனிவாரி. துண்டுதுண்டாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய நீண்ட அலுமினியக் கழியும் அதன் நுனியில் அகன்ற அலகும் கொண்ட இக்கருவியின் நீளம், எடை, விலை ஆகியவை அட்டைப்பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. குளிர்காலத்தின் பெரும்பகுதி அதைக் கையாண்ட பின்னரே தெரியவரும் குறை ஒன்று உண்டு. அது அலகிலோ கழியிலோ இல்லாமல், கழித்துண்டுகளைப் பூட்டும் சிறு பொத்தானில் இருக்கிறது.

அக்குறையின் தன்மையை விளக்குவதற்கு முன், இக்கருவி எதற்குத் தேவைப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்துவது நல்லது. ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பின்னும் கூரையைத் துடைத்தாக வேண்டும் என்பதில்லை. கனடாவின் கட்டட விதிகள் ஒவ்வோர் ஊரின் கூரையும் தாங்கவேண்டிய பனிச்சுமையை வகுத்திருக்கின்றன, ஒட்டாவாவுக்குரிய நிலப்பனிச் சுமை டொராண்டோவுக்குரியதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆயினும் பனியின் உயரத்தை மட்டும் பார்த்து அதன் எடையை மதிப்பிட முடியாது. புதிதாக விழுந்த பனி கனமீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ வரையே இருக்கும். அது நாட்கணக்கில் அமிழ்ந்து, இடையில் பெய்த மழையையும் உறிஞ்சிக்கொண்டால் 400 கிலோவையும் எட்டும். ஆகவே, 30 சென்டிமீட்டர் புதுப்பனி ஒரு சதுர மீட்டரில் 30 கிலோவுக்குள் அடங்க, அதே உயரமுள்ள ஈரப்பனி 120 கிலோவாகக் கூரையை அழுத்துகிறது. கதவுகள் திடீரென இறுகுவதும், உட்கூரையில் விரிசல் ஓடுவதும், மரச்சட்டங்கள் முறுகி ஒலிப்பதும் சுமை எல்லை மீறியதற்கான அறிகுறிகள். அவை தோன்றியபின் பனிவாரியைத் தேடாமல் வீட்டைவிட்டு வெளியேறுவதே முறை.

சுமையைவிட அடிக்கடி நேர்வது பனிக்கட்டி அணை என்னும் சிக்கல். வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் பரண் வழியாகக் கசிந்து கூரைப்பனியின் அடியடுக்கை உருக்க, அந்நீர் சரிவில் இறங்கி, சுவரைத் தாண்டி நீளும் இறவாரத்தை, அதாவது அடியில் வெப்பமே இல்லாத கூரைவிளிம்பை அடைந்ததும் மீண்டும் உறைகிறது. இவ்வாறு விளிம்பிலும் பீலியிலும் வளரும் கட்டிக்குப் பின்னால் நீர் தேங்கி, ஷிங்கிள் எனப்படும் கூரை ஓட்டுத் தகடுகளின் அடியில் பின்னோக்கி ஏறிச் சுவருக்குள் இறங்குகிறது. வழிந்தோடும் நீரைத் தடுக்கவே அத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளனவே தவிர, தேங்கிய நீரைத் தாங்குவதற்கு அல்ல. பரணின் வெப்பக்காப்பையும் காற்றோட்டத்தையும் சீர்செய்வதே இதற்கு நிலையான தீர்வு என்றாலும், அது கோடையில் செய்யவேண்டிய வேலை என்பதால், நடுக்குளிரில் இறவாரத்துக்கு மேலே ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பனியை இழுத்து அகற்றுவதே கைக்கெட்டிய வழி. இப்பணியைப் பனிவாரி செம்மையாகச் செய்கிறது என்பதில் ஐயமில்லை.

இனி அந்தப் பொத்தான். கழியின் ஒவ்வொரு துண்டிலும், உட்குழாயில் பதிந்த உலோகக் குமிழ் ஒன்று, ஸ்பிரிங்கின் விசையால் எழும்பி வெளிக்குழாயின் துளையில் நுழைந்து பூட்டிக்கொள்கிறது. கடையில் சொடுக்கென்று விழும் இப்பூட்டு, நன்றாக உறைந்த காலைகளில் அழுத்தினால் உள்ளே போவதில்லை, உள்ளே போனால் மேலெழுவதில்லை. கையுறை அணிந்த விரலுக்கு அது அகப்படாத அளவுக்குச் சிறியதாக இருப்பதால், பயன்படுத்துபவர் கையுறையைக் கழற்றி வெறும் விரலால் உறைந்த அலுமினியத்தைப் பற்ற நேர்கிறது; வெப்பத்தை மிக விரைவாக உறிஞ்சும் உலோகம் அது என்பதால், -15 டிகிரியில் சில நொடிகளிலேயே விரல் மரத்துப்போகிறது. இதனினும் பெரிய ஆபத்து பாதி மட்டும் எழும்பிய பொத்தான்: பூட்டிவிட்டதாக நம்பித் தூக்கிய கழி, தலைக்கு மேலே இருக்கும்போது இணைப்பில் கழன்று, அலகோடு கூடிய மேற்பகுதி சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இதற்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்வது சரியன்று. இழுக்கும்போது குழாயின் திறந்த முனைகளிலும் இணைப்பின் இடைவெளியிலும் பனித்துகள் புகுகிறது. வேலை முடிந்ததும் கருவியைச் சூடான கராஜில் சாய்த்து வைப்பதால் அத்துகள் உருகி நீராகி இணைப்பின் நுண்ணிய இடுக்கில் படிகிறது. மறுமுறை வெளியே எடுத்ததும் அந்நீர் உறைந்து, தன் பருமனில் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகிப் பொத்தானையும் குழாயையும் ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறது. கூரையில் பனிக்கட்டி அணை எழுவதற்கும் கழியில் பொத்தான் இறுகுவதற்கும் காரணம் ஒன்றே: இடையில் புகுந்த வீட்டுவெப்பம். சூடாக வெளிவரும் அலகிலும் முதலில் படும் பனி உருகி ஒட்டிக்கொள்வதால் ஒவ்வோர் இழுப்பும் கனக்கிறது.

எனவே பனிவாரியை வைக்கத் தகுந்த இடம் சூடான கராஜ் அன்று. வெளிப்புறத்தில், மேலே மறைப்புள்ள, சூடேறாத கொட்டில். துண்டுகளைப் பிரித்துத் தட்டிப் பனியை உதிர்த்து, துளைமுனை கீழ்நோக்க நிறுத்தி, குளிர்காலம் தொடங்குமுன் இணைப்புகளில் உலர் சிலிக்கான் தெளிப்பைப் பூசினால் தொல்லை பெருமளவு நீங்குகிறது. இங்கே மதிப்பிடப்படும் கருவியின் கையேட்டில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது வருந்தத்தக்கது. மேலும், சுவருக்குச் சாயம் பூசுவோரின் கழிகளில் உள்ளதுபோல வெளியிலிருந்து நெம்பிப் பூட்டும் கவ்வியைப் பொருத்துவது தயாரிப்பாளர்களுக்குக் கடினமானதன்று. குளிரில் கையுறையோடு இயக்கவேண்டிய கருவியில் விரல்நுனிப் பொத்தானை வைத்திருப்பது வடிவமைப்பின் கவனக்குறைவே.

அலகின் இரு ஓரங்களிலும் உள்ள சிறு சக்கரங்கள் பாராட்டுக்குரியவை. அவை அலகைத் தகடுகளிலிருந்து சற்று உயர்த்திப் பிடிப்பதால் கூரையில் மெல்லிய பனிப்படலம் எஞ்சுகிறது. முழுத் தூய்மையை எதிர்பார்ப்போருக்கு இது குறையாகத் தோன்றினாலும், ஷிங்கிளின் மேற்பரப்பிலுள்ள கல்துகள்கள் பெயராமல் காப்பது அப்படலமே. ஆயினும் சரிவின் போக்கில், குறுகிய இழுப்புகளாக, விளிம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் தகடுகளின் ஓரம் உயரும், இணைப்பும் முறுகும். ஒரு பக்கச் சரிவை முற்றிலும் துடைத்துவிட்டு மறுபக்கத்தில் முழுச் சுமையையும் விட்டுவைப்பதும் கூரைச் சட்டங்களுக்கு நல்லதன்று.

நீளத்தைப் பொறுத்தவரை, 6 அல்லது 7 மீட்டர்க் கழி ஒருமாடி வீட்டுக்கு மட்டுமே போதுமானது. இருமாடி வீட்டில் கழி செங்குத்தாக நிற்பதால் அலகு சரிவில் படிவதில்லை, விழும் பனியும் பிடித்திருப்பவர்மீதே இறங்குகிறது. அந்நிலையில் ஏணியில் ஏறி மிச்சத்தை எட்டிப்பிடிக்க முயல்வது, எந்த ஆபத்தைத் தவிர்க்க இக்கருவி வாங்கப்பட்டதோ அதையே தேடிச்செல்வதாகும். ஜப்பானில் 2005-06 குளிர்காலக் கடும்பனியில் 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் பனி அகற்றும்போது இறந்தவர்கள், அவர்களிலும் முதியவர்களே மிகுதி. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவதால், தெருக்கம்பத்திலிருந்து வீட்டின் விளிம்புக்கு வரும் மின்கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியே கழியை உயர்த்த வேண்டும் என்பதும் மறக்கக்கூடாதது.

பனிப்பட்டையில் ஒருமாடி வீடு உள்ளவர்களுக்கு, பொத்தானின் குறையோடும் கூட, சக்கரம் பொருத்திய பனிவாரி வாங்கத் தகுந்த கருவியே. இருமாடி வீட்டினர் அப்பணத்தைச் சேர்த்துவைத்து, பாதுகாப்புக் கயிறும் காப்பீடும் உள்ள பணியாளர்களை அமர்த்துவது நல்லது. எவர் வாங்கினாலும், கழியை உயர்த்துமுன் ஒவ்வொரு பொத்தானும் துளைக்கு வெளியே முழுமையாக எழுந்திருக்கிறதா என்று பார்த்து, இணைப்பை ஒருமுறை பலமாக இழுத்துச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.