முடியாத படமும் முடிந்துபோன இருபது பேரும்

ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடை. ஒரே செல்போனில் ஐந்து பேர் தலையை முட்டிக்கொண்டு 'புஷ்பா' இரண்டாம் பாகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையையும் காலையும் கட்டிப்போட்ட நாயகன், பல்லாலேயே எதிரிகளின் கழுத்தைக் கடித்துக் குதறும் இடம். பையன்கள் விசிலடித்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் சும்மா இருந்தார். 'இன்னா பெரியப்பா, படம் புடிக்கலையா?' என்று கேட்டேன். 'கையக் கால கட்டிப்புட்டா எவன்பா எழுந்து வரான்? எங்க ஊருல எவனும் வரலையே' என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

செம்மரம் வெட்டும் கூலியைப் பற்றிய படத்தை ஜவ்வாது மலையில் உட்கார்ந்து பார்ப்பதும், சென்னையில் ஏசி தியேட்டரில் பார்ப்பதும் ஒன்றல்ல. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் இருபது பேரை ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக்கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களின் மலைக்காரர்களும் அடிவாரத்து ஏழைகளும். கல்லாலும் கோடாலியாலும் தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னால் சாட்சி சொன்னார்கள் தப்பி வந்தவர்கள். செத்தவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 3 லட்சம் அறிவித்தது. ஒரு உயிரின் விலை, ஒரு மரத்தின் விலைக்குக்கூட வரவில்லை.

இந்த ரத்தம் காய்ந்து ஆறு வருஷம் கழித்து, 2021 டிசம்பரில் வந்தது சுகுமாரின் 'புஷ்பா' முதல் பாகம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்தப் படத்தில் ஒரு இடம் பிடித்திருந்தது. கூலிக்காரன் முதலாளி எதிரில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறான். காலை எடு என்கிறார்கள். எடுக்க மறுத்து, வேலையையே விட்டுவிட்டுச் செம்மரம் வெட்டப் போகிறான். கால்மேல் கால் போட்டதற்காக அடிவாங்கிய பரம்பரையில் பிறந்தவனுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அப்பன் பேர் இல்லாதவன், வீட்டுப் பேர் மறுக்கப்பட்டவன், சித்தூர்த் தெலுங்கு பேசும் கூலி. தோளில் மரம், பால்வண்டிக்குள் ரகசிய அறை என்று கடத்தலின் நுணுக்கங்களையும் அந்தப் படம் கொஞ்சம் காட்டியது. இரண்டே பாகம், அடுத்ததில் முடிந்துவிடும் என்றார்கள். இந்தக் கோபம் எங்கே போய்ச் சேரும் என்று நாமும் காத்திருந்தோம்.

2024 டிசம்பர் 5இல் இரண்டாம் பாகம் வந்தது. கிட்டத்தட்ட 200 நிமிஷம். கோபம் எங்கே போய்ச் சேர்ந்தது? பெண்டாட்டி ஆசைப்பட்டாள் என்று முதலமைச்சரோடு ஒரு போட்டோ கேட்கிறான் நாயகன். கடத்தல்காரனோடு போட்டோ எடுக்கமாட்டேன் என்கிறார் அவர். அப்படியானால் முதலமைச்சரையே மாற்றுகிறேன் என்று கோடிகளைக் கொட்டுகிறான். அந்தக் கோடிகளுக்காக டன் கணக்கில் மரம் வெட்டப்பட வேண்டும். அதை வெட்டும் கைகள் எவை? முதல் பாகத்தில் முகமாவது இருந்த கூலிகள், இதில் பின்னால் நின்று ஆரவாரம் செய்யும் கும்பலாகிவிட்டார்கள். தன் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்டேஷனுக்குப் போகிறான் நாயகன். அங்கிருக்கும் போலீஸ்காரர்களுக்கெல்லாம் ஆயுசுக்குமான சம்பளத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்து வேலையை விடவைக்கிறான். தியேட்டர் கைதட்டுகிறது. சேஷாசலத்தில் துப்பாக்கியின் எதிரில் நின்றவனிடம் பஸ் சார்ஜுக்குக்கூடக் காசு இருந்திருக்காது.

சூப்பர் ஹீரோ படங்களின் கடைசிப் பாகங்கள் சறுக்குவது புதிதில்லை. 2007இல் வந்த 'ஸ்பைடர்மேன்' மூன்றாம் பாகத்திலும் வில்லன்களை அடுக்கினார்களே தவிர, ஆள் உள்ளே காலியாக இருந்தான். ஆனால் புஷ்பாவின் சறுக்கலைத் திரைக்கதைக் கோளாறு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. அதற்கு ஓர் அரசியல் இருக்கிறது.

திருப்பதி கங்கம்மா சாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் புடவை கட்டி, வேஷம் போட்டு வரும் திருவிழா அது. பெண்களைச் சீரழித்த பாளையக்காரனை அம்மன் தலையறுத்தாள் என்பது அதன் கதை. அந்த வேஷங்களில் தோட்டி உண்டு, மாதங்கி உண்டு. அடித்தள மக்களின் நினைவில் நிற்கும் ஒரு கலகச் சடங்கு. படத்தில் அது என்ன ஆகிறது? நீலம் பூசி, புடவை கட்டி நாயகன் ஆடுகிறான், அடிக்கிறான். ஆட்டத்தில் குறை சொல்லமாட்டேன், அல்லு அர்ஜுன் உடம்பைக் கொடுத்து உழைத்திருக்கிறார். ஆனால் அம்மன் ஒரு ஆம்பளையின் புஜபலத்துக்குள் அடைபட்டுப் போகிறாள். அண்ணன் மகளின் மானத்தைக் காப்பாற்றும் வீட்டு ஆம்பளை, அவ்வளவுதான் மிச்சம்.

அதைவிட மோசம் முடிவு. அந்தச் சண்டைகளெல்லாம் முடிந்த பிறகு, இத்தனை நாள் அவனை ஒதுக்கிய அண்ணன் வீட்டுப் பெயரைக் கொடுக்கிறான். நாயகன் கண்கலங்குகிறான். தியேட்டரும் கலங்குகிறது. ஆக, வீட்டுப் பெயர் இல்லாதவன் மனுஷன் இல்லையா என்று கேட்ட படம், வீட்டுப் பெயர் கிடைத்தவுடன் கேள்வியை மடித்து வைத்துவிட்டது. வம்சத்தை உடைக்கக் கிளம்பியவன் வம்சத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டான். இது நமக்குப் பழகிய கதைதான். 1954இல் எம்.ஜி.ஆர் நடித்த 'மலைக்கள்ளன்' மலையில் இருந்துகொண்டு ஏழைகளுக்கு அள்ளிக்கொடுப்பான். கடைசியில் அவன் காணாமல்போன பெரிய வீட்டுப் பிள்ளை என்று தெரியவரும். மலைக்காரன் மலைக்காரனாகவே இருந்து நாயகன் ஆவதை நம் சினிமா ஒத்துக்கொள்வதில்லை. எழுபது வருஷம் கழித்தும் அதே பூணூல் வேறு கலரில்.

சரி, அதோடாவது முடிந்ததா? இல்லை. கல்யாண வீட்டில் ஒரு குண்டை வெடிக்கவைத்து, மூன்றாம் பாகத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேல் வசூல் என்கிறார்கள். இவ்வளவு காசு தரும் கதையை யார் முடிப்பார்கள்?

இந்த மலையைச் சுற்றிச் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊர் நட்ட கல். இந்த நிலத்தின் வீரன் சாகிறவன். அவன் செத்ததைச் சொல்லக் கல் இருந்தது. சினிமாவின் வீரன் சாவதே இல்லை, அவனுக்காக மரம் வெட்டியவர்கள்தான் சாகிறார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. அதுவும் நம் சேலத்து மலைச்சனம். எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறது?

மலையில் சாமையும் புளியும் கடுக்காயும் வருஷம் முழுக்கச் சோறு போடாது. கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போனவன், மேஸ்திரி அட்வான்ஸ் நீட்டியபோது ஆந்திராவுக்குப் போனான். மரம் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. வெட்டியவன் பிணமாகத் திரும்பினான், இல்லாவிட்டால் ஜெயிலில் கிடந்தான். இந்தக் கதைக்கு நாயகன் தேவையில்லை. சாட்சிகள் தேவை.

டீக்கடைப் பெரியவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம், அன்று எனக்கு வாய் வரவில்லை. மலைக்குப் போகும் தோழர்கள், மாணவர்கள் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். மூன்றாம் பாகம் வருவதற்குள் அது அச்சேற வேண்டும்.