அகலக் கோண லென்சும் மடக்குக் காமிராவும்

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளிக்கிழமை நடக்கும் அந்தத் தேரோட்டத்தில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து பிடிக்கின்றனர். அந்தத் தேரை அடி முதல் கலசம் வரை ஒரே படத்தில், சாயாமல் எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. அதற்கென்றே பணம் சேர்த்து, பழைய 6×9 மடக்குக் காமிரா ஒன்றை வாங்கினேன். படம் கிடைக்கவில்லை. அடுத்த ஆடி வரை காத்திருக்க நேர்ந்தது. காமிராவில் பழுது ஏதும் இல்லை. தேர்ந்தெடுத்த என் கணக்கில்தான் பழுது. இயற்பியல் கற்பிப்பவன் இப்படி ஏமாறலாமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

120 பிலிம் இன்றும் தயாராகிறது. இவ்வகைக் காமிராக்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முன்னே ஒரு லென்ஸ் பலகை, பின்னே பிலிம், நடுவே துருத்தி. இவ்வளவுதான் இதன் உடல். லென்ஸ் பலகையை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம். இதுதான் இதன் சிறப்பு. உயரமான பொருளை எடுக்கச் சாதாரணக் காமிராவை நாம் அண்ணாந்து பிடிக்கிறோம். உடனே பிலிம் சாய்கிறது. கோபுரமும் தேரும் பின்னால் சரிவதுபோல் தெரிகின்றன. மாறாக, பிலிமைச் செங்குத்தாகவே வைத்து லென்சை மட்டும் உயர்த்தினால் உச்சி படத்துக்குள் வந்துவிடும். கோடுகளும் நேராக நிற்கும்.

எவ்வளவு உயர்த்த வேண்டும்? தேர் 15 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் நமக்குக் கிடைத்த இடம் 12 மீட்டர் தொலைவில். லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் உள்ளது. 47 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்சில், கலசத்தின் பிம்பம் அச்சிலிருந்து 47×13.5÷12, அதாவது சுமார் 53 மி.மீ. தள்ளி விழும். 6×9 பிலிமின் படப் பரப்பு ஏறத்தாழ 56×84 மி.மீ.; நெடுக்காக வைத்தால் நடுவிலிருந்து ஓரம் வரை 42 மி.மீ. ஆகவே லென்ஸ் 11 மி.மீ. உயர வேண்டும். உயர்த்தாமல் காமிராவையே சாய்த்தால் சுமார் 7 டிகிரி சாய்க்க வேண்டியிருக்கும். ஏழுதானே என்று எண்ண வேண்டாம். தேரின் உச்சி, அடிப்பகுதியின் அளவோடு ஒப்பிட, சுமார் 13 சதவீதம் சுருங்கிவிடும்.

"கைப்பேசியே இதை நிமிர்த்திக் கொடுக்கிறதே!" என்பீர்கள். கொடுக்கிறது. ஆனால் சுருங்கிப் பதிந்த உச்சியை அது பின்னர் இழுத்து அகலமாக்குகிறது. பதியாத நுணுக்கம் இழுப்பதால் வந்துவிடாது.

லென்ஸ் இதற்கு இடம் தருமா? 105 டிகிரி கோணம் பார்க்கும் 47 மி.மீ. சூப்பர் ஆங்குலான் லென்ஸ், சுமார் 61 மி.மீ. ஆரமுள்ள பிம்ப வட்டத்தைத் தருகிறது. 11 மி.மீ. உயர்த்திய பின் படத்தின் மேல் மூலை அச்சிலிருந்து 60 மி.மீ. தள்ளி நிற்கும். ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! லென்ஸ் தேறிவிட்டது. தேறாதது மடக்குக் காமிராதான்.

காரணத்தைக் காண்போம். மடக்குக் காமிரா என்பது ஒரு பெட்டி. மூடியைத் திறந்து இறக்கினால் அதுவே தண்டவாளமாகிறது. லென்ஸ் பலகையை அதன்மேல் முன்னால் இழுத்து நிறுத்துகிறோம். விளம்பரங்களில் காணும் நகர்வு அளவுகளெல்லாம் பலகை வெளியே வந்து நிற்கும் நிலைக்கு உரியவை. 47 மி.மீ. லென்ஸ் தூரத்துப் பொருளைக் குவிக்க, பிலிமிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில் நிற்க வேண்டும். அப்போது பலகை பெட்டிக்கு உள்ளேயே இருக்கும். மேலே பெட்டியின் விளிம்பு இடிக்கும். துருத்தி மடிந்து கெட்டியாகித் தள்ளும். கீழே விரிந்த மூடியோ படத்துக்குள் மூக்கை நீட்டும். விளம்பரத்தில் கண்ட நகர்வில் பாதிகூட மிஞ்சாது.

எனக்கு இன்னொரு அடியும் விழுந்தது. தேர் உயரமானது; படம் நெடுக்காக வேண்டும். என் காமிராவின் பின்பலகை திரும்பாத வகை. எனவே காமிராவையே பக்கவாட்டில் படுக்கவைத்தேன். படுத்த காமிராவில் 'மேல் நகர்வு' பக்க நகர்வாகிவிடும். 'பக்க நகர்வு'தான் மேல் நகர்வு. அந்தப் பக்க நகர்வு பெட்டிச் சுவர்களுக்கிடையே சிக்கி அசையவே இல்லை. வடம் இழுபட, முட்டுக்கட்டை போட, தேர் என்னைக் கடந்து போய்விட்டது.

உற்பத்தியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். லின்ஹாஃப் நிறுவனம் 1972-ல் வெளியிட்ட 4×5 அங்குல மாஸ்டர் டெக்னிகாவில் பெட்டியின் கூரையிலேயே ஒரு சிறு மூடி வைத்தது. அதைத் திறந்தால் அகலக் கோண லென்சும் தலை நிமிரலாம். இருந்த குறையை ஒப்புக்கொண்ட நேர்மையான திருத்தம் என்றே அதை நான் கருதுகிறேன்.

உட்குழிந்த லென்ஸ் பலகை போட்டால் தீராதா என்று சிலர் கேட்பதுண்டு. துருத்தியின் நெருக்கடி குறையும், உண்மைதான். ஆனால் குழிக்குள் இருக்கும் ஷட்டர் நெம்புகோலை விரல் எட்டாது. பென்சிலால் தள்ளுவோரை நான் கண்டிருக்கிறேன்.

மூலைகளுக்கு வரும் ஒளியையும் கவனியுங்கள். சாய்ந்து வரும் ஒளியின் வலிமை, கோணத்தின் கோசைன் மதிப்பின் நான்காம் அடுக்காகக் குறையும் என்பது பாடநூல் விதி. நம் 60 மி.மீ. மூலையில் கோணம் 52 டிகிரி. நடுவில் விழும் ஒளியில் ஏழில் ஒரு பங்குதான் அங்கே விழும். 1940-களில் ரஷ்ய அறிஞர் ரூசினோவ் இதற்கு ஓர் அழகான வழி கண்டார். முன்னும் பின்னும் பெரிய குழி வில்லைகளை வைத்தால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது லென்சின் துளை பெரிதாகத் தோன்றும். அதனால் நான்காம் அடுக்கு ஏறத்தாழ மூன்றாம் அடுக்காகிறது. ஏழில் ஒன்று நான்கில் ஒன்றுக்கு அருகே வருகிறது. சூப்பர் ஆங்குலான் இந்த வழியில் வந்ததே. எஞ்சிய குறைக்கு நடுவில் கருமை பூசிய வடிகட்டி உண்டு. தேருக்கு அது தேவையில்லை என்பேன். மேல் மூலைகளில் இருப்பது வெறும் வானம், சற்றுக் கறுத்தால் அழகுதான்.

விறைப்பைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. கணக்கிட்டுப் பாருங்கள். வெகு தூரத்திலிருந்து 12 மீட்டருக்குக் குவியத்தை மாற்ற, 47 மி.மீ. லென்ஸ் 0.18 மி.மீ. நகர்ந்தால் போதும். லென்ஸ் பலகையின் ஒரு பக்கம் அவ்வளவு தளர்ந்தாலே ஒரு ஓரம் தேரையும் மறு ஓரம் அடிவானத்தையும் பார்க்கும். துளையைச் சுருக்கி ஓரளவு சமாளிக்கலாம். ஆனாலும் பத்து விதமாக ஆடும் பலகையைவிட, மேலும் கீழும் மட்டும் சென்று ஆணியடித்தாற்போல் நிற்கும் பலகையே மேல்.

கீழே என்றா சொன்னேன்? ஆம், அதுவும் வேண்டும். வீராம்பட்டினத்தை ஒட்டியே அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும் அங்கே அகழ்ந்தனர். கசால் 1949-ல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே இவ்வூரின் பெயர் உண்டு. அப்படிப்பட்ட அகழ்குழியின் மண்ணடுக்குச் சுவரை மேட்டில் நின்று படம் எடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். காமிராவைக் கவிழ்த்தால் செங்குத்துச் சுவர் கீழ்நோக்கிக் குறுகும். அடுக்குகளின் தடிமனைப் படத்தில் அளக்க முடியாது. லென்சைத்தான் இறக்க வேண்டும். மடக்குக் காமிராக்கள் பலவற்றில் கீழ் நகர்வே கிடையாது.

அப்படியானால் எதை வாங்குவது? 100 மி.மீ. சாதாரண லென்சோடு மலையேறப் போகிறீர்கள் என்றால் மடக்குக் காமிராவுக்கு இணையில்லை. ஹார்ஸ்மேன் விஎச் போன்றவை கையடக்கமானவை, உறுதியானவை. அகலக் கோணம்தான் உங்கள் வேலை என்றால், மடங்காத காமிராவையே தேடுங்கள்: பை போன்ற மெல்லிய துருத்தி, திரும்பும் பின்பலகை, முன்னே இடிக்கப் பெட்டி இல்லாமை. எபனி நிறுவனம் செய்த மடங்காத மரக் காமிராக்கள் இதற்கென்றே பிறந்தவை. ஆனால் அது 2016-ல் மூடப்பட்டது. எஞ்சியவற்றின் விலை என்னைப் போன்ற ஆசிரியருக்கு எட்டாது. பழைய 6×9 ஒற்றைத் தண்டவாளக் காமிரா மலிவு. தூக்கிச் செல்லத்தான் அவலட்சணமானது.

கடைக்கோ, விற்பவர் வீட்டுக்கோ போகும்போது உங்கள் லென்சையும் ஓர் அளவுகோலையும் கொண்டுபோங்கள். லென்சைப் பூட்டி, தொலைவில் உள்ள மரத்தைத் தேய்த்த கண்ணாடியில் குவியுங்கள். அந்த நிலையிலேயே, படம் நெடுக்காக இருக்கும்படி வைத்து, பலகையை உயர்த்துங்கள். 11 மி.மீ. வருகிறதா? துருத்தி மீண்டும் கீழே தள்ளுகிறதா? விற்பவர் துருத்தியை முழு நீளத்துக்கு இழுத்துக் காட்டுவார். அதைப் பார்த்துத்தான் நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.